அமெரிக்க முன்னாள் படையினர் கொடுப்பனவைக் கூட்டித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்: எங்களுக்கு 2,400 டொலர் போய்விட்டது

கோபத்தோடுதான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விசாப் படிவம், குடியுரிமைப் படிவம், மொழிபெயர்ப்பு எல்லாம் செய்து கொடுக்கிற இடங்கள் காலி வீதியில் எத்தனையோ இருக்கின்றன, அப்படி ஒன்றில் எங்கள் சித்தப்பாவிடம் 2,400 டொலரைப் பிடுங்கிவிட்டார்கள். நம்முடைய காசில் ஏழு இலட்சத்துக்கு மேல். இன்று மத்தியானம் போய்க் கேட்டதற்கு "அந்தச் சேர்விஸ் முடிஞ்சுது தங்கச்சி, இனி எங்களுக்கும் அதுக்கும் தொடர்பில்லை" என்று வாசலில் வைத்தே அனுப்பிவிட்டார்கள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, வெயிலுக்குள் நின்றார்.

சித்தப்பா எண்பதுகளில் அமெரிக்கா போய் அங்கே இராணுவத்தில் சேர்ந்தவர். 1991 இல் குவைத்தில் இருந்தார். ஈராக் படை பின்வாங்கும்போது அறுநூறுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும், கடைசிக் கிணற்றை அணைக்க நவம்பர் ஆகிவிட்டது. பட்டப்பகலில் லைட் போட்டுத்தான் வாகனம் ஓட்டினோம், மூக்கைச் சிந்தினால் கறுப்பாகத்தான் வரும் என்று சொல்வார். அன்றைக்குப் பிடித்த பீனிசம், அதாவது சைனஸ் நோய், இன்னும் விடவில்லை. வந்தால் கண்ணுக்குக் கீழே வீங்கி, தலையிடி, மஞ்சளாகச் சளி, ஒரு கிழமைக்குச் சோறு இறங்காது.

2022 ஓகஸ்ட் 10 இல் பைடன் கையெழுத்திட்ட பாக்ட் சட்டம் வந்த பிறகு, அந்தப் பகுதிகளில் பணிபுரிந்தவர்களுக்கு நாட்பட்ட சைனஸ் நோய் இருந்தால், அது சேவையால் வந்தது என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை, அமெரிக்க முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களமே அப்படி எடுத்துக்கொள்ளும். நோய் எவ்வளவு பாதிக்கிறது என்று திணைக்களம் வீதக் கணக்கில் மதிப்பிட்டு, அதற்கேற்ப மாதக் கொடுப்பனவு தரும். சித்தப்பா தானே விண்ணப்பித்து 10 வீதம் வாங்கினார். அதற்கு 2025 கணக்கில் மாதம் 175.51 டொலர். 30 வீதம் என்றால் தனி ஆளுக்கு 537.42. தலையிடி, வலி, சீழ்ச்சளி என்று வருடத்தில் மூன்று முதல் ஆறு தடவை வந்தால் 10, ஆறுக்கு மேல் போனால் 30 என்று விதியிலேயே இருக்கிறது. இவருக்கு அதைவிட அதிகமாக வருகிறது, அவ்வளவையும் சமையலறைக் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறார், காது மூக்கு தொண்டை வைத்தியரின் கடிதம், சிடி ஸ்கான் எல்லாம் கையில் இருக்கிறது. ஆகவே 30 கேட்டது பேராசை இல்லை, அவருக்கு உரியது.

அந்த இடத்தில் எங்களோடு பேசிய மனிதர் எப்படி நம்பவைத்தார் என்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். சித்தப்பா டிடி 214 ஐ, அதுதான் சேவையிலிருந்து விடுவித்த சான்றிதழை, பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவர் கதிரையை விட்டு எழும்பி இரண்டு கையாலும் வாங்கினார். "அங்கிள், உங்களை மாதிரி ஆக்களுக்குச் செய்யாமல் வேற யாருக்குச் செய்யிறது?" என்றார். தேநீர் வரவழைத்தார். பாக்ட் சட்டம் பற்றி, வீதங்கள் பற்றி அவர் சொன்னது எல்லாம் சரி, நான் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒரு தேதிகூடப் பிழை இல்லை. சட்டம் சரியாகத் தெரிந்த ஆள் காசு விஷயத்திலும் சரியாக இருப்பார் என்றுதானே யாரும் நினைப்பார்கள். அமெரிக்காவில் தங்களுக்கு அங்கீகாரம் பெற்ற ஏஜன்ட் இருக்கிறார், 30 உறுதி, 50 கூட வரலாம் என்றார். 50 என்பது திரும்பத் திரும்ப சைனஸ் ஒபரேஷன் செய்தும் மாறாதவர்களுக்கு உள்ளது, சித்தப்பா ஒரு ஒபரேஷனும் செய்ததில்லை. அதைக் கேட்டதற்கு "அதெல்லாம் நாங்கள் பார்ப்பம்" என்று சிரித்தார். 2,400 டொலர் முற்பணம். என் சீட்டுக் காசில் கட்டினோம்.

அவர்கள் செய்த வேலையைக் கேளுங்கள். தீர்ப்பு பிடிக்காவிட்டால் 2019 இலிருந்து மூன்று வழி இருக்கிறது. புதிய ஆதாரம் இருந்தால் 20-0995 படிவத்தில் துணைக் கோரிக்கை. ஆதாரம் புதிதாக எதுவும் இல்லை, இருக்கிற கோப்பையே மூத்த அதிகாரி ஒருவர் திரும்பப் பார்க்கட்டும் என்றால் 20-0996. மூன்றாவது, 10182 போட்டு மேன்முறையீட்டுச் சபைக்குப் போவது. எங்களிடம் இருந்தது முழுக்கப் புதிய ஆதாரம். அதையெல்லாம் வாங்கிக்கொண்டு அவர்கள் போட்டது 20-0996! அதில் புதிய ஆதாரத்தைப் பார்க்கவே மாட்டார்கள், அது விதி. கலண்டரையும் ஸ்கானையும் யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மாற்றமில்லை, 10 வீதமே என்று பதில் வந்துவிட்டது. அந்தப் படிவத்தை திணைக்கள இணையத்தளத்தில் உள்ள சித்தப்பாவின் கணக்குக்குள் அவருடைய பாஸ்வேர்டை வைத்தே அனுப்பியிருக்கிறார்கள், பிரதிநிதி என்று ஒருவருடைய பெயரும் இல்லை. அங்கீகாரம் பெற்ற ஏஜன்ட் என்றால் 21-22ஏ படிவம் போட்டுத்தான் வேலையே தொடங்கவேண்டும். திணைக்களத்தின் சட்டப் பிரிவு இணையத்தில் வைத்திருக்கிற பட்டியலில் தேடினேன், அவர்கள் சொன்ன பெயர் அதில் கிடையாது.

அதற்குப் பிறகு வந்த பதில்கள்தான் இன்னும் எரிச்சல். முதலில் அமெரிக்காவில் லீவு என்றார்கள். அப்புறம் சிஸ்டம் அப்டேட். பிறகு "பெரியவர் கண்டிக்குப் போயிட்டார்". வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. புது நம்பரில் இருந்து எடுத்தால் உடனே தூக்குவார்கள், என் குரல் கேட்டதும் "லைன் கிளியர் இல்லை". கடைசியில் பற்றுச்சீட்டைக் காட்டினார்கள், அதில் "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது" என்று அடியில் பொடி எழுத்து. 2,400 டொலருக்கு என்ன ஆலோசனை தந்தார்கள்? பிழையான படிவம் ஒன்று! சித்தப்பாவுக்கு வருகிற 10 வீதத்தை வைத்துப் பார்த்தால் 2,400 டொலர் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட கொடுப்பனவு.

நல்லவேளை, வழி முழுக்க அடைபடவில்லை. அந்தத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் 20-0995 போட்டால் பழைய தேதி, அதாவது கொடுப்பனவைக் கணக்கிடத் தொடங்கும் நாள், கைவிட்டுப் போகாது. இந்த முறை அமெரிக்காவில் உள்ள முன்னாள் படையினர் சங்கம் ஒன்றின் ஆள் மூலம் செய்கிறோம், ஒரு சதம் வாங்கவில்லை. டிஸேபிள்ட் அமெரிக்கன் வெட்டரன்ஸ், அமெரிக்கன் லீஜன் போன்ற சங்கங்கள் இதை இலவசமாகத்தான் செய்கின்றன, வெளிநாட்டில் இருந்தாலும் கேட்கலாம்.

என்ன செய்யவேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை, கை நடுங்குகிறது. அவசரமாக இவ்வளவும். முதல் விண்ணப்பத்துக்கு எவரும் கட்டணம் வாங்க அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை, கேட்டால் எழும்பி வாருங்கள். முதல் தீர்ப்புக்குப் பிறகு வாங்கலாம், அதுவும் அங்கீகாரம் பெற்றவர் மட்டும், வழக்கமாக நிலுவைப் பணத்தில் 20 வீதம், பணம் வந்த பிறகு. பாஸ்வேர்டைக் கொடுக்கவே வேண்டாம், அதை வைத்து வங்கிக் கணக்கையே மாற்றலாம். இத்தனை வீதம் உறுதி என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

பற்றுச்சீட்டும் வட்ஸ்அப் செய்திகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 க்கும் எடுக்கப் போகிறேன். இதே மாதிரி இடத்தில் இதே வேலைக்குக் காசு கட்டியவர்கள், உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், ஒன்றாகப் போய்க் கொடுப்போம்.