முழுச்சொல்லா, சொல்லுறுப்பா?

மருத்துவச் சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வது தேர்வுக்கு முந்தைய வாரத்தில் கைகொடுக்கும். பட்டியலில் இல்லாத சொல் எதிரே வந்தால் திகைத்து நிற்போம். அதனால் என் வாக்கு, சொற்களை உருவாக்கும் சிறு பகுதிகளான சொல்லுறுப்புகளைக் கற்பதற்கே, தொடக்கத்தில் வேகம் குறைந்தாலும். 'ஹைப்பர்' மிகை, 'ஹைப்போ' குறை, 'கிளைக்' சர்க்கரை, 'ஈமியா' இரத்த நிலை என்று தெரிந்துவிட்டால் ஹைப்போகிளைசீமியா தானாகவே விளங்கும். 'ஹெப்பட்' கல்லீரல், 'ஐட்டிஸ்' அழற்சி, ஆகவே ஹெப்படைட்டிஸ் கல்லீரல் அழற்சி. ஆனால் இந்த மூன்றில் மிகுந்த கவனம் வேண்டும்: 'ஆட்டமி' வெட்டித் திறப்பது, 'எக்டமி' அகற்றுவது, 'ஆஸ்டமி' உடலில் புதிய திறப்பு அமைப்பது. ஒலியில் நெருக்கம், நோயாளிக்கோ மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

பார்க்கின்சன் போல ஆள்பெயரால் வழங்கும் நோய்களைப் பிரித்துப் பொருள் காண முடியாது. அங்கே மனப்பாடம்தான் வழி.