சங்கிலியைப் பார்த்துவிட்டு நகர்த்துங்கள்

"ரிப்பனை அகலமாக்கினால் முனையும் சேர்ந்து இழுபடுது, என்னடா பண்றது?" என்று நண்பன் நேற்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ஆறு வருஷமாக இந்த வேலைக்கு போட்டோஷாப்பின் லேயர் மாஸ்க்கைத்தான் நம்பியிருக்கிறேன்: படத்தின் ஒரு அடுக்கில் (லேயர்) கருப்பு பூசிய இடத்தை அழிக்காமல் மறைத்துவைக்கும் திரை அது. அதனால் பதில் நீண்டுவிட்டது, நடுவில் கோபமும் வந்துவிட்டது.

ரிப்பன் 600 பிக்சல், வேண்டியது 900. இரு முனையிலும் 100 பிக்சலுக்கு மீன்வால் வெட்டு, சுற்றிலும் தங்கக் கோடு, நடுவில் 400 பிக்சல் சாதாரணப் பட்டை. படத்தை இழுத்து நீட்டும் டிரான்ஸ்ஃபார்ம் பக்கமே போக வேண்டாம். லேயரை ஒரு நகல் எடுத்து, ஷிஃப்ட்டை அழுத்தியபடி மேல் நகலை வலப்பக்கம் 300 தள்ளுங்கள். அதன் இடது வால் மட்டும் நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும். மாஸ்க் போட்டு அந்த 100 பிக்சலைக் கருப்பால் மூடினால் வேலை முடிந்தது. கீழ் நகலின் வலது வால், மேல் பட்டைக்கு அடியில் தானாகவே ஒளிந்துகொள்ளும். எந்த பிக்சலும் இழுபடவில்லை, எதையும் அழிக்கவுமில்லை. ஆண்ட்ராய்டு பட்டன் படங்களில் மூலைகளைத் தொடாமல் நடுவை மட்டும் நீட்டும் நைன்-பேட்ச் இருக்கிறதே, அதற்கு இது ஏழைத் தம்பி.

பட்டையில் துணி இழை மாதிரி டெக்ஸ்சர் இருந்தால், இணைப்பில் மாஸ்க்குக்கு 50 பிக்சலுக்கு கிரேடியன்ட் கொடுங்கள், அதாவது கருப்பு மெல்ல மெல்ல வெள்ளையாகட்டும். மேல் லேயரில் மட்டும்! இரண்டிலும் கொடுத்தால் பாதியும் பாதியும் சேர்ந்து முழுசாகும் என்று நானும் நினைத்தேன். ஆகாது. 50 சதவீத லேயர் மேல் 50 சதவீத லேயர் வைத்தால் 75தான் வரும். மீதி 25-இல் பின்னணி எட்டிப்பார்க்கும், நடுவில் சோகையாக ஒரு பட்டை தெரியும். நிழலையும் லேயருக்குக் கொடுக்காமல், இரண்டு லேயரையும் சேர்த்த குரூப்புக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் மாஸ்க் ஓரத்திலும் நிழல் விழும்.

இவ்வளவு அழகான வித்தையைக் கெடுப்பது ஒரு சங்கிலிச் சின்னம். லேயரின் சிறுபடத்துக்கும் மாஸ்க்கின் சிறுபடத்துக்கும் நடுவில் எறும்பு அளவில் உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் இரண்டும் சேர்ந்து நகரும். மாஸ்க்கைக் கிளிக் செய்யப் போய் விரல் அதில் பட்டால் சத்தமில்லாமல் கழன்றுவிடும். எச்சரிக்கை கிடையாது, நிறம் மாறாது. போன மாதம் 14 பேனர், எல்லாவற்றிலும் இப்படிச் செய்த ரிப்பன். ரிப்பன் எல்லாமே 950 வேண்டும் என்றார்கள். மேல் நகலை இன்னும் 50 தள்ளினால் போதும், ஒரு நிமிஷ வேலை என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஐந்தில் சங்கிலி இல்லை. படம் நகர்ந்தது, மாஸ்க் பழைய இடத்திலேயே நின்றது. ஒளித்துவைத்த மீன்வாலின் தங்க மூக்கு ரிப்பன் நடுவில் மங்கலாக எட்டிப்பார்த்தது. சின்னதாகப் பார்த்தால் தூசி மாதிரி இருக்கும். பெரிதாக்கிப் பார்த்ததால் தப்பித்தேன்.

இதில் என் தப்பும் உண்டு. அதற்காக இவ்வளவு பெரிய திரையில் அந்தச் சின்னத்தை இன்னும் நாலு பிக்சல் பெரிதாக்கினால் யார் சொத்து குறையும்?

கடைசியில் நண்பனிடம், "பேசாம வெக்டாரில், பிக்சல் இல்லாம கோடாவே வரைஞ்சுடு, இந்த வம்பே வேண்டாம்" என்றேன். சரி என்றான். பத்து நிமிஷத்தில் ஃபைல் வந்தது: "நீயே பண்ணிக் கொடுத்துடேன்." மாஸ்க் போட்டுத்தான் கொடுத்தேன். அனுப்பும் முன் சங்கிலியை மூன்று தடவை பார்த்தேன்.