முட்டி வலிக்கு கிருஷ்ணகிரியில் நாங்கள் போகும் பிசியோதெரபி சென்டர்

அம்மாவுக்கு முட்டித் தேய்மானம். மாங்கூழ் கம்பெனி வேலை, சீசனில் நாள் முழுக்க நின்றபடிதான். ரவுண்டானா பக்கம் இருக்கும் இந்த சென்டரில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பயிற்சி எதையும் சொல்வதற்கு முன்னால் அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், ஷிஃப்ட் எப்போது, வீட்டில் படி இருக்கிறதா, தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறாரா என்று தெரபிஸ்ட் மேடம் பொறுமையாக விசாரித்ததுதான்.

கொடுத்தது இரண்டே பயிற்சி. காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடைச் சதை இறுகும்படி கீழே அழுத்தி 5 நொடி பிடித்து விட வேண்டும், 10 தடவை. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. "இங்க இறுகுது பாருங்கம்மா, இதுதான் முட்டியத் தாங்குற சதை" என்று தொட்டுக் காட்டியதும்தான் அம்மாவுக்கு நம்பிக்கையே வந்தது. முதலாவது காலையில் படுக்கையிலேயே, இரண்டாவது ராத்திரி சீரியல் நேரத்தில். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு செய்யாதீர்கள், வழக்கம்போல் தொடருங்கள். லேசான வலி பரவாயில்லை, வீங்கினாலோ மறுநாளும் வலி குறையாவிட்டாலோ வந்து காட்டுங்கள் என்றார். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சிக் கணக்கை முதல் நாளே தலையில் கட்டவில்லை, 10 நிமிட நடையில் ஆரம்பிக்கச் சொன்னார்.

குறை என்றால், மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை, முட்டி வலிக்காரர்களைப் படி ஏற வைப்பது சரியே இல்லை. சாயங்காலம் கூட்டம் அதிகம், முடிந்தால் காலையில் போங்கள். மெஷினில் கரண்ட் வைத்து அனுப்பினால் போதும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.