பருப்பொருள் அட்டைகள்: வாங்கலாம், கற்பூரத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்

எட்டாவது படிக்கிற அக்கா மகளுக்காக, சேலம் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கிய வேதியியல் சொல் அட்டைகள். முன்பக்கம் சொல்லும் படமும், பின்பக்கம் இரண்டு வரி விளக்கம். தனிமம், சேர்மம், கலவை, அடர்த்தி, கரைதிறன் என்று பாடத்தில் வருகிற முக்கியமானவை எல்லாம் இருக்கின்றன. அட்டை நல்ல கெட்டி.

எனக்குப் பிடித்தது தகடாகும் தன்மையையும் கம்பியாகும் தன்மையையும் அடுத்தடுத்து வைத்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையை எட்டிப் பார்த்த பிள்ளைக்கு இதற்கு விளக்கமே வேண்டாம், வெள்ளியை உருக்குவதும் தட்டுவதும் கம்பியாக இழுப்பதும் அங்கே கண்ணெதிரே நடக்கிறது. வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும், ஆறினால் திரும்பவும் அதே வெள்ளி, அதனால் அது இயற்பியல் மாற்றம் என்று அட்டை சரியாகச் சொல்கிறது. ஆனால் அதே கொலுசு போடப் போடக் கறுத்துப்போகிறதே, அது காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வினைபுரிந்து வெள்ளி சல்பைடு ஆவது, அதாவது வேதி மாற்றம். இந்தப் பாதியை விட்டுவிட்டார்கள், நாம்தான் சொல்லித் தர வேண்டும்.

பதங்கமாதல், அதாவது திடப்பொருள் உருகாமல் நேராக ஆவியாவது, அந்த அட்டைதான் எரிச்சல். படத்தில் தட்டில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிகிறது! எரிவது பதங்கமாதல் இல்லை சாமி, ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீருமாக மாறுகிற எரிதல் அது. பூஜை அறையில் திறந்து வைத்த டப்பாவில் கற்பூரம் கரையாமல் உருகாமல் தானாகத் தேய்ந்துபோகிறதே, அதைப் போட்டிருக்க வேண்டும். பரீட்சையில் இந்தப் படத்தை நினைத்து எழுதினால் மார்க் போச்சு.

கொதிநிலை அட்டையில் நீருக்கு 100 டிகிரி என்று மொட்டையாக இருக்கிறது. அது கடல்மட்டக் காற்றழுத்தத்தில். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஏற்காட்டில் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் எடுப்பது அதனால்தான். பக்கத்திலேயே மலையை வைத்துக்கொண்டு இதை எழுதாமல் விட்டால் எப்படி?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை தாராளமாக வாங்கலாம், பத்தாவதுக்குப் பத்தாது. அப்புறம், டப்பா கிடையாது, ரப்பர் பேண்ட் போட்டுத்தான் தருகிறார்கள், அடர்த்தி அட்டை இரண்டு வந்து வேறு ஏதாவது குறையலாம், கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.