"பார்சல் வரலைக்கா" என்றால்: மறுபடி அனுப்பவா, பணத்தைத் திருப்பவா, பொறுக்கச் சொல்லவா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மொத்த விலைக்கு நைட்டியும் காட்டன் புடவையும் எடுத்து வாட்ஸ்ஆப்பில் விற்கிறேன். மாதத்துக்கு ரெண்டு பேராவது "அக்கா, இன்னும் வரலைக்கா" என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல நாலு வழி இருக்கிறது. நாலையும் செய்து பார்த்துவிட்டேன்.

கையிலிருந்து காசு போகாத வழி, டிராக்கிங்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டு "டெலிவர்டுன்னு காட்டுதேம்மா" என்று முடித்துக்கொள்வது. ஆரம்பத்தில் இதைத்தான் செய்தேன். ஆனால் டெலிவர்டு என்றால் யார் கையில்? நம்ம ஏரியாவில் ஒரே வாசலில் பழைய எண், புதிய எண் என்று ரெண்டு எழுதியிருக்கும். ஹவுசிங் போர்டு என்றால் பிளாக் எழுத்து ஒன்று விட்டுப்போனாலே போதும், அதே கதவு எண்ணுள்ள வேறு வீட்டுக்குப் பார்சல் போய்விடும். கொருக்குப்பேட்டைப் பெண் ஒருத்தியோடு இப்படித்தான் மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால் பார்சல் கீழ்வீட்டில் அரிசி டிரம் மேல் இருந்தது. வாங்கி வைத்த பாட்டி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணும் பொய் சொல்லவில்லை, டெலிவரி தம்பியும் பொய் சொல்லவில்லை. நான் பேசிய பேச்சுதான் மிச்சம். அவள் அதற்கப்புறம் என்னிடம் வாங்கவே இல்லை.

அடுத்தது, புகார் போட்டுவிட்டுப் பொறுக்கச் சொல்வது. இதில் பலர் நஷ்ட ஈடு வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்பீடு போஸ்டில் பொருள் தொலைந்தால் கிடைப்பது கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 60 ரூபாய் கட்டியிருந்தால் 120தான். தனியாக இன்ஷூர் செய்யாவிட்டால் உள்ளே இருக்கும் புடவையின் விலை கணக்கிலேயே வராது. புகார் போடுவது பார்சலைத் தேடத்தான். அதுவும் சீக்கிரம் போட வேண்டும், நாள் ஆக ஆகக் கொண்டுபோன ஆளுக்கே எந்த வீடு என்று மறந்துவிடும்.

மூன்றாவதும் நாலாவதும்தான் உண்மையான போட்டி: மறுபடி அனுப்புவதா, பணத்தைத் திருப்புவதா? ஒரு நைட்டி எனக்கு 240க்கு வருகிறது, தபால் 60, விற்பது 380க்கு. பணத்தைத் திருப்பினால் போனது 300. இன்னொன்று அனுப்பினால் மொத்தச் செலவு 600, கையில் 380 இருக்கிறது, ஆக நஷ்டம் 220. எண்பது ரூபாய் மிச்சம், ஆளும் நம்மை விட்டுப் போகமாட்டார். அதனால் 500 ரூபாய்க்குள் இருக்கும் சரக்கு என்றால், "பக்கத்து வீட்ல கேட்டியாம்மா, வாட்ச்மேன்கிட்ட கேட்டியா?" என்று போன் போட்டு, ரெண்டு நாள் பார்த்து, மறுபடி அனுப்பிவிடுவேன். யார் பொய் சொல்கிறார்கள் என்று துப்பறிய எனக்கு நேரமில்லை.

தீபாவளிக்கு என்று வாங்கிய புடவை மட்டும் விதிவிலக்கு. பண்டிகை முடிந்து போய்ச் சேர்ந்தால் திட்டுதான் கிடைக்கும், பணத்தைத் திருப்பிவிடுவதே நல்லது. பணம் எந்த யூபிஐயிலிருந்து வந்ததோ அதற்கே போக வேண்டும். "அண்ணன் நம்பருக்கு அனுப்புங்க" என்றால் கண்டிப்பாக முடியாது.

ரெண்டாயிரத்துக்கு மேல் போகும் புடவைக்கு இந்தத் தாராளம் கிடையாது. புகார் எண்ணை அவர்களுக்கே அனுப்பி, "இந்தத் தேதிக்குள்ள கிடைக்கலைன்னா பணம் வந்துடும்" என்று தேதி போட்டுச் சொல்வேன். தேதி சொன்னால் பொறுப்பார்கள். "பாக்குறேன்மா" என்று சொல்லி இழுத்தால் அடுத்த போன் 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத்தான் போகும். பெரிய ஆன்லைன் தளங்கள் வழியாக விற்பவர்களுக்குக் கெடுவும் உண்டு: 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததாக 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இப்போது ஓடிபி வந்திருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து ஸ்பீடு போஸ்டில் கூடுதலாக 5 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்டினால், வாங்குபவர் ஓடிபி சொன்னால்தான் பார்சலைக் கொடுப்பார்கள். விலை கூடிய புடவைக்கு இதைத் தவறாமல் போடுகிறேன். நைட்டிக்குப் போடுவதில்லை. வேலைக்குப் போகும் பெண்ணின் போனில் ஓடிபி வரும், வீட்டில் மாமியார் மட்டும் இருப்பார், பார்சல் திரும்பி வந்துவிடும், தபால் செலவு மறுபடி என் தலையில்.

ஒரே முகவரியிலிருந்து ரெண்டாவது முறை "வரலை" என்று வந்தால் சண்டை போடுவதில்லை. அடுத்த ஆர்டருக்கு ஓடிபி, அல்லது "நேரா கடைப்பக்கம் வந்து வாங்கிக்கோம்மா." இப்படிச் சொன்ன ரெண்டு பேரில் ஒருத்தி பஸ் பிடித்து வந்து வாங்கிக்கொண்டு போனாள். இன்னொருத்தி என் நம்பரை பிளாக் செய்துவிட்டாள்.