இட்ச்.ஐஓ: என் பல்லாங்குழிக்குக் கிடைத்த திண்ணை

வேலை முடிந்த இரவுகளில் உட்கார்ந்து எட்டு மாதத்தில் கோடோ என்ற, கேம் செய்யும் மென்பொருளில் ஒரு பல்லாங்குழி விளையாட்டு செய்தேன். நம்மைப் போன்றவர்கள் தாங்கள் செய்த கேம்களை வெளியிடும் இட்ச்.ஐஓ என்ற இணையதளத்தில் அதை ஏற்றக் காசு கேட்கவில்லை. விற்றால் தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதைக்கூட நாமே வைக்கலாம். மாற்றாமல் விட்டால் 10. விளையாட்டு பிரவுசரிலேயே ஓடும், ஆட வருபவர் எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, விளையாட்டுக்குக் கீழேயே இருக்கும் கருத்துப் பகுதி. முதல் வாரமே ஒருவர் கேட்டார்: "குழியில் நாலு சேர்ந்தால் பசு ஆச்சே, அது எங்கே?" எங்கள் வீட்டில் பசு எடுக்காமல்தான் ஆடுவோம். கோபத்தில் நீளமாக ஒரு விளக்கம் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அப்புறம், "உங்கள் வீட்டில் எப்படி ஆடுவீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். அவர் தன் பாட்டியிடம் கேட்டுவந்து நான்கு விதிகள் சொன்னார்! அடுத்த ஞாயிறே பசுவைச் சேர்த்தேன். பட்லர் என்ற இட்ச்.ஐஓவின் பதிவேற்றக் கருவி மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதால், என் மெதுவான இணைப்பிலும் சட்டென்று ஏறியது.

இன்னொருவர், காய் விழும் சத்தம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்றார். உண்மைதான். இப்போது புளியங்கொட்டையை மரக்குழியில் போட்டுப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.