ஸ்டான்லி அம்மா உணவகம்: ஆஸ்பத்திரி அலைச்சலில் உடம்பு தாங்க எப்படிச் சாப்பிடுவது?

வீட்டில் ஒருவரை வடசென்னையில் இருக்கும் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் அட்மிட் செய்ததும், கூட இருந்து கவனிக்கும் அட்டெண்டரின் சாப்பாடுதான் முதலில் குலையும். நோயாளிக்கு வார்டுக்கே உணவு வந்துவிடும். அட்டெண்டருக்குப் பகலெல்லாம் டீயும் பன்னும். ராத்திரி பசி தாங்காமல் பழைய ஜெயில் ரோட்டில் பரோட்டாவோ ஃப்ரைடு ரைஸோ. தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன் குறையும். எண்ணெய்ப் பண்டத்தில் கை போவது அதனால்தான். இதற்காக யாரையும் வாய்க்கட்டு இல்லாதவர் என்று திட்டக் கூடாது. அந்தப் பசி வரும் முன்பே வயிற்றுக்கு ஏதாவது போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் அம்மா உணவகத்தை அந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். 2013-ல் சென்னை மாநகராட்சி தொடங்கிய திட்டம் இது. சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, சாயங்காலம் இரண்டு சப்பாத்தி 3. நான்கு இட்லி, ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம், நான்கு சப்பாத்தி என்று நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் 18 ரூபாய்தான். வேலை போன வீட்டுக்கு இந்த விலை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை.

விலையைவிடப் பெரிய உதவி, நேரம். காலை 7 முதல் 10, மதியம் 12 முதல் 3. அதற்குள் போனால்தான் உண்டு. பார்சலுக்கு வழியில்லை, டோக்கன் வாங்கி அங்கேயே சாப்பிட வேண்டும். சிலருக்கு இது குறையாகப் படும். ஆனால் வார்டை விட்டு இருபது நிமிடம் வெளியே வந்து, போனைப் பார்க்காமல் சாப்பிடும் ஒரே வேளை பலருக்கு அதுவாகத்தான் இருக்கும். துணைக்கு இருவர் இருந்தால், மாற்றிவிடுவதைச் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் 8 மணிக்கு, மற்றவர் 9 மணிக்கு. சப்பாத்தி எத்தனை மணி வரை கிடைக்கும் என்பது கூட்டத்தைப் பொறுத்தது, போன அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். சில்லறை அவசியம்.

இனி, குறை. இட்லி ஆவியில் வெந்தது, சாதம் சூடாக வருகிறது, எண்ணெய் அதிகமில்லை. எல்லாம் நல்லதுதான். ஆனால் அரிசிதான் முக்கால்வாசி. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் வேண்டும். மேலே சொன்ன 18 ரூபாய்ச் சாப்பாட்டில் சுமார் 30, 35 கிராம்தான் தேறும். மீதியை இரண்டு அவித்த முட்டையும் (12 கிராம்) ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் (30 கிராம் கடலையில் 7 கிராம்) ஈடுகட்டிவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் கடலையோடு ஒரு கப் சுண்டலும் பொட்டுக்கடலையும் சேர்த்துக்கொள்ளலாம். கடலையை டப்பாவில் போட்டுப் பையில் வைத்துவிட்டால், ராத்திரி பரோட்டாக் கடைப் பக்கம் கால் போகாது.

காய்கறி இன்னும் குறைவு. காயும் பழமுமாக நாளைக்கு 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பாரில் மிதக்கும் காய் அதில் ஒரு மூலைக்குக் காணாது. இரண்டு கொய்யா, ஒரு வெள்ளரி, ஒரு வாழைப்பழம் வாங்கிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கி வைத்து விற்கும் பழம் வேண்டாம். ஈயும் கத்தியும் சேர்ந்து வயிற்றைக் கெடுத்தால், கவனிக்க வந்தவரையும் ஒருவர் கவனிக்க வேண்டியதாகிவிடும். கொய்யாவைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுவது நல்லது. அதிலுள்ள வைட்டமின் சி, பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும். டீ நேர்மாறு, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஆறு டீக்கு 60 கிராம் ஆகிறது. சர்க்கரை பாதி போடச் சொல்லுங்கள்.

வடசென்னைத் தெருக்களில் காலையில் வரும் கூழ் வண்டியை மறக்க வேண்டாம். கேழ்வரகுக் கூழில் கால்சியம் தாராளம், வெயிலுக்கும் இதம். மோர் மிளகாயும் கருவாடும் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, வெங்காயம் போதும்.

சர்க்கரை நோய் உள்ள அட்டெண்டர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காலையில் பொங்கலைவிட மூன்று இட்லியும் நிறைய சாம்பாரும் மேல். மதியம் முட்டையையும் வெள்ளரியையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, சாம்பார் சாதம் அல்லது தயிர் சாதம், ஏதாவது ஒன்று மட்டும். அடிக்கடி நடக்கும் ஆபத்து வேறு: இன்சுலினோ மாத்திரையோ போட்டுக்கொண்டு, டாக்டர் ரவுண்ட்ஸ் முடியட்டும் என்று சாப்பிடாமல் நிற்பது. கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு குடித்துவிட்டு, நர்ஸிடம் சொல்லுங்கள். தெளிந்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும்.

மேசைகள் நின்று சாப்பிடும் உயரத்தில் இருப்பதால் மூட்டுவலிக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் சிரமம்தான். அவர்களுக்கு வீட்டுச் சாப்பாடே சரி. ராயபுரத்திலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ கேரியர் வருமென்றால், சோறும் குழம்பும் தனித்தனி டப்பாவில், ஆவி பறக்கச் சூடாக அடைத்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடும்படி அனுப்பச் சொல்லுங்கள். மிஞ்சிய சோற்றை வார்டு ஜன்னலோரம் ராத்திரி வரை வைத்திருக்கக் கூடாது. அதில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மீன் குழம்பு அனுப்புபவர்கள் கூடவே ஒரு கீரை மசியலும் வைத்தால், உணவகத்தில் கிடைக்காத காய்கறிக் குறையும் தீரும்.